கொடையும் சமநிலையும்: பவுலின் எருசலேம் நிதிச் சேகரிப்புப் பற்றிய ஒரு சமூகவியல் நோக்கு

கிறித்தவ ஈகையைப் பற்றி நம்மிடையே இருவேறு நோக்குகள் நிலவி வருகின்றன. சமயச் சார்புடையோர் அதனைக் கொடுப்பவனின் உள்ளத் தூய்மையோடு தொடர்புறுத்திப் பேசுவர். எவ்வளவு கொடுத்தான் என்பதிலும் எத்தகைய மனத்தோடு கொடுத்தான் என்பதே முதன்மையானது என்பர். முற்போக்குச் சிந்தனையாளரோ, உள்ளம் எத்துணைத் தூயதாயினும் தருமம் என்பது ஏற்றத்தாழ்வைத் தாங்கிநிற்கும் தூண்களுள் ஒன்று எனக் கருதுவர். 1905இல் ரோசா லக்சம்பேர்க் சோசலிசமும் திருச்சபைகளும் பற்றி எழுதிய சிறுநூலும், 1908இல் வெளிவந்த கார்ல் காட்ஸ்கியின் கிறித்தவத்தின் அடிப்படைகள் பற்றிய நூலும் இந்த இரண்டாவது நோக்குக்கு வரலாற்று அடிப்படை வழங்கின. ஆதிக் கிறித்தவர் பொதுவில் வைத்தவை நுகர்பொருள்களே. உற்பத்திச் சாதனங்களை அவர்கள் பொதுவாக்கவில்லை. ஆகவே செல்வர் மீண்டும் மீண்டும் கொடுப்பதும் வறியவர் மீண்டும் மீண்டும் பெறுவதும் தவிர்க்கவியலாதனவாயின என்பது அவர்தம் வாதத்தின் சாரம். இவ்வாதம் பெரும்பாலும் சரியானதே என்பது எமது கருத்து.

ஆயினும் மேற்கூறிய இரு நோக்குகளும் ஒரு பொதுக் குறைபாட்டைக் கொண்டுள்ளன. இரண்டும் உள்ளத்தை ஒருபுறமும் சமுதாய ஏற்பாட்டை மறுபுறமுமாகப் பிரித்துவிடுகின்றன. ஒரு சாரார் மனத்தை மட்டும் கேட்பர். மறு சாரார் மனம் எதுவாயினும் ஒன்றே என்பர். கிறித்தவ மரபின் மிகப் பழைய எழுத்துச் சான்றுகளிற் காணப்படும் கொடை முயற்சியோ இப்பிரிப்புக்கு எளிதில் இடங்கொடுப்பதில்லை. கி.பி. 48 அளவில் தொடங்கி 57 அளவில் நிறைவெய்திய, எருசலேம் நகரத்து வறியோருக்காகப் பவுல் மேற்கொண்ட நிதிச் சேகரிப்பையே இங்கு குறிப்பிடுகின்றோம். கொடுப்போனின் உள்ளம் எவ்வாறிருத்தல் வேண்டும் என்ற வினா அங்கே, கொடுப்போனுக்கும் பெறுவோனுக்கும் இடையே எத்தகைய உறவு தோன்றவேண்டும் என்ற வினாவாக உருப்பெறுகின்றது. இதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இம்முயற்சிக்கு நேர்ச் சான்றுகளாக அமைவன பவுலின் கடிதங்களே. கலாத்தியருக்கு எழுதிய கடிதத்தின் இரண்டாம் அதிகாரம், கொரிந்தியருக்கு எழுதிய முதற் கடிதத்தின் இறுதி அதிகாரம், இரண்டாம் கடிதத்தின் எட்டாம் ஒன்பதாம் அதிகாரங்கள், உரோமருக்கு எழுதிய கடிதத்தின் பதினைந்தாம் அதிகாரம் ஆகியன இவ்வகையில் முக்கியமானவை. இவை பவுலே எழுதியவை என்பதில் ஆய்வாளரிடையே கருத்து வேறுபாடு இல்லை. இவற்றை ஈகை பற்றிய தத்துவ நூல்களாக வாசிப்பது தவறாகும். பணம் தேவைப்பட்ட ஒருவர், கொடுப்பதாக வாக்களித்துவிட்டுப் பின்னர் ஆர்வங் குன்றியவர்களுக்கு எழுதிய வேண்டுகோள்கள் இவை. அதனாலேயே இவற்றில் கோட்பாட்டோடு தயக்கமும், நயந்து பேசுதலும், சிற்சில இடங்களில் தந்திரமும் கலந்து காணப்படுகின்றன.

எருசலேமின் நிலையை முதலில் நோக்குவோம். கிலவுதியு மன்னனின் ஆட்சிக் காலத்தில் (கி.பி. 41–54) யூதேயாவைப் பஞ்சம் தாக்கியது. அடியபீன் நாட்டு அரசி எலேனா அலெக்சாந்திரியாவிலிருந்து தானியமும் சைப்பிரசிலிருந்து உலர்ந்த அத்திப்பழமும் வருவித்து மக்களுக்கு வழங்கியமையை யூத வரலாற்றாசிரியர் யொசேப்பசு பதிவு செய்துள்ளார். இயேசுவைப் பின்பற்றியோர் கலிலேயாவிலிருந்து பெயர்ந்து வந்தவர்களாய், நிலமும் உறவுச் சூழலும் அற்றவர்களாய் அந்நகரில் வாழ்ந்தனர். உடைமைகளை விற்றுப் பகிர்ந்துண்ட அவர்களது வாழ்க்கைமுறையை அப்போஸ்தலர் நடபடிகள் சித்திரிக்கின்றது. காட்ஸ்கி சுட்டிக்காட்டும் நுகர்வுப் பொதுவுடைமையின் எல்லை இங்கு தெளிவாகின்றது: விற்பதற்கு நிலம் உள்ளவரையே அது நீடிக்க முடியும். எருசலேமில் யாக்கோபு, பேதுரு, யோவான் ஆகியோரோடு பவுல் நடத்திய பேச்சுவார்த்தையின் முடிவில், யூதரல்லாதார் விருத்தசேதனமின்றியே சபையிற் சேரலாம் என்ற இணக்கம் ஏற்பட்டது. அப்பொழுது அவர்கள் பவுலிடம் கேட்டுக்கொண்டது ஒன்றே. வறியவரை மறந்துவிடலாகாது என்பதே அது. ஆகவே தொடக்கத்திலிருந்தே இப்பணம் பசியோடு மட்டுமன்றி, இரு இனத்தார் ஒருவரையொருவர் ஏற்றுக்கொள்ளும் பிரச்சினையோடும் பிணைந்திருந்தது.

இனி, கொடுக்கும்படி கேட்கப்பட்டோரின் நிலையை நோக்குவோம். கி.மு. 146இல் உரோமரால் அழிக்கப்பட்ட கொரிந்து, கி.மு. 44இல் யூலியஸ் சீசரால் உரோமக் குடியேற்றமாக மீண்டும் நிறுவப்பட்டது. குடியேறியோருட் பலர் விடுதலை பெற்ற அடிமைகள். இரு துறைமுகங்களால் வளம் பெற்ற இந்நகரில், பழம்பெருங் குடிப்பிறப்பு இல்லாதவன் பெயர் பெறுவதற்கு இருந்த வழி பொதுக்கொடையே. 1929இல் கொரிந்தின் அரங்கத்துக்கு அருகே கண்டெடுக்கப்பட்ட கல்வெட்டொன்று, எரஸ்து என்பவன் தான் பெற்ற நகரப் பதவிக்குக் கைம்மாறாகத் தன் செலவிலே தளவரிசை அமைத்துக் கொடுத்ததைப் பெரிய எழுத்துகளில் அறிவிக்கின்றது. அக்கல்லில் செதுக்கப்பட்ட எழுத்துகளில் ஒருகாலத்தில் வெண்கலம் பதிக்கப்பட்டிருந்தது. பவுல் உரோமருக்கு எழுதிய கடிதத்தின் முடிவிலே குறிப்பிடும் எரஸ்து இவன்தானா என்பது தீராத விவாதம். அஃது இங்கு நமக்குத் தேவையற்றது. கொடை என்றவுடன் கொரிந்து நகரத்தான் மனத்தில் எழுந்த காட்சி இத்தகையது என்பதே கருதத்தக்கது.

பிரெஞ்சு வரலாற்றாசிரியர் போல் வெய்ன் 1976இல் வெளியிட்ட தமது பெருநூலில் இக்கொடை முறையை விரிவாக ஆராய்ந்துள்ளார். அவர் காட்டுவதுபோல, கிரேக்க உரோமச் செல்வர் கொடுத்தது வறியவனுக்கன்று, நகரத்துக்கு. குளிப்பகங்களும் விளையாட்டுகளும் விருந்துகளும் குடிகள் யாவருக்கும் உரியனவாகக் கருதப்பட்டன. பசித்தவன் எனும் தகுதியில் ஒருவனுக்கு அங்கே தனியிடம் இருக்கவில்லை. பொதுவிருந்துகளிலும் பணப் பங்கீடுகளிலும் நகரவை உறுப்பினருக்குக் கூடுதலாகவும் சாதாரண மக்களுக்குக் குறைவாகவும் கொடுக்கப்பட்டமைக்கு இத்தாலியக் கல்வெட்டுகள் பல சான்று பகருகின்றன. தகுதி வேறுபாட்டைக் குலைக்கும் சமத்துவத்தினும் சமமற்றது வேறில்லை என்ற கருத்தை இளைய பிளினி தம் கடிதமொன்றில் மிக இயல்பாக எழுதிச் செல்கின்றார். அவர் கொடியவரல்லர், தாராளமாகக் கொடுத்தவர். அவர் காலத்துப் பண்பாளன் ஒருவனுக்கு அது நல்லறிவாகவே தோன்றியது.

இவ்வுறவு முறையின் உளவியலைச் செனக்கா ஆராய்ந்திருப்பது நமக்கு வாய்ப்பாக அமைகின்றது. நன்மை செய்தல் பற்றி அவர் எழுதிய ஏழு பகுதிகள் கொண்ட நூல் பவுலின் இறுதி ஆண்டுகளை ஒட்டிய காலத்தது. மேலும், கொரிந்தில் பவுல்மீது கொண்டுவரப்பட்ட வழக்கைத் தள்ளுபடி செய்த ஆளுநன் கல்லியோன் செனக்காவின் உடன்பிறந்தவனே. கைகோத்து ஆடும் மூன்று தேவதையருள் ஒருத்தி கொடுப்பவள், ஒருத்தி பெறுபவள், ஒருத்தி திருப்பிக் கொடுப்பவள் என்ற பழைய விளக்கத்தைச் செனக்கா எடுத்துரைத்து, ஓரளவு எள்ளவும் செய்கின்றார். கொடுத்தவன் உடனே மறந்துவிட வேண்டும், பெற்றவன் ஒருபோதும் மறக்கலாகாது என்பது அவர் வகுக்கும் நெறி. உயர்ந்த நெறிதான். ஆனால் அந்நெறியிலும் பெற்றவன் கடனாளியாகவே நிற்கின்றான். 1925இல் மார்செல் மோஸ் தமது புகழ்பெற்ற ஆய்விலே, திரும்பப் பெறப்படாத கொடை பெற்றவனைத் தாழ்த்துகின்றது என்று காட்டியதை இதனோடு சேர்த்து நோக்கின், கொரிந்தில் பவுல் எதிர்நோக்கிய சிக்கல் புலப்படும். எருசலேமுக்குப் பணம் சென்றால் எருசலேம் கொரிந்தின் ஆதரவில் வாழும் சபையாகிவிடுமா? யூத மக்கள் யூதரல்லாதாரின் தயவில் தங்கியிருப்போர் ஆவரா?

அத் தேவதையரின் பெயரும், பவுல் தம் நிதியைக் குறிக்கப் பெரிதும் கையாண்ட சொல்லும் கிரேக்கத்தில் ஒன்றே. 'கரிஸ்' என்னும் அச்சொல் கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் கடிதத்தின் இவ்விரு அதிகாரங்களில் மட்டும் பத்துத் தடவை வருகின்றது. கடவுளின் அருள், மனிதன் செய்யும் உதவி, சேர்க்கப்படும் நிதி, பெற்றவன் கூறும் நன்றி ஆகிய நான்கையும் பவுல் இவ்வொரு சொல்லாலேயே குறிக்கின்றார். தமிழ்ச் சபைகளிற் பெருவழக்கிலுள்ள பழைய மொழிபெயர்ப்பில் இஃது இடத்திற்கேற்பக் கிருபை, உபகாரம், தர்மகாரியம், ஸ்தோத்திரம் எனப் பிரிந்துவிட்டது. மொழிபெயர்ப்பாளரைக் குறைகூற வழியில்லை. தமிழில் இவை நான்கையும் தாங்கும் ஒரு சொல் கிடையாது. ஆனால் விளைவு சிறிதன்று. கிருபை கடவுளுடையதாகவும் தர்மம் மனிதனுடையதாகவும் பிரிந்தவுடன், கொடுப்பவன் தன்னுடையதிலிருந்து கொடுக்கின்றான் என்ற எண்ணம் நுழைந்துவிடுகின்றது. பவுலின் கிரேக்கத்தில் கொடுப்பவன் தனக்கு வந்ததைக் கைமாற்றுபவனே.

இதேபோன்று, முதற் கடிதத்தில் தர்மப்பணம் எனத் தமிழில் வழங்கும் இடத்திலே கிரேக்க மூலத்தில் உள்ள சொல் 'லொகெயா' என்பதாகும். இலக்கியங்களிற் காணப்படாத இச்சொல், எகிப்தியப் பப்பிரசு ஏடுகளிலும் மட்பாண்டத் துண்டுகளில் எழுதப்பட்ட பற்றுச்சீட்டுகளிலும் நிதி திரட்டலைக் குறிக்கும் நடைமுறைச் சொல்லாக வழங்கியதை அடொல்ப் டைஸ்மன் 1908இல் வெளிவந்த தமது நூலில் எடுத்துக்காட்டினார். புண்ணியத்தின் சாயலோ இரத்தலின் சாயலோ அதில் இல்லை. தருமம் கேட்டல் என்றாலே பிச்சை கேட்டல் எனப் பொருள்கொள்ளும் நம் பேச்சு வழக்கில், தர்மப்பணம் என்ற சொல் பெறுபவனைத் தலைகுனிய வைத்தே அறிமுகம் செய்கின்றது.

பவுல் வகுத்த ஏற்பாடு மிகச் சுருக்கமானது. வாரத்தின் முதல் நாள்தோறும் ஒவ்வொருவரும், தத்தம் வரவுக்கு ஏற்ற அளவைத் தம்மிடத்திலேயே எடுத்துவைத்தல் வேண்டும். தாம் வந்தபின் சேகரிப்பு நடைபெறலாகாது. கொரிந்தியர் தாமே தெரிந்தெடுக்கும் ஆட்கள் கடிதங்களோடு பணத்தை எருசலேமுக்குக் கொண்டுசெல்வர். பொருத்தமாயின் தாமும் உடன்செல்வார். முதற் பார்வைக்கு இவை வெறும் நிருவாகக் குறிப்புகள். ஆயினும் கொரிந்தின் கொடை மரபோடு ஒப்பிடுகையில் ஒவ்வொன்றும் கூர்மை பெறுகின்றது. ஒவ்வொருவரும் எனும்போது அடிமையும் கூலியாளும் அடங்குகின்றனர். கொடையாளி எனும் தகுதி செல்வனுக்கே உரியதாயிருந்த நகரில், சில செப்புக் காசுகளை ஒதுக்கி வைப்பவனும் கொடையாளியாகின்றான். பேரரசின் பெருநகர மக்களுள் ஏறத்தாழ மூன்றில் இரு பகுதியினர் பிழைப்புக்குரிய எல்லையிலோ அதற்குக் கீழோ வாழ்ந்தனர் என 2004இல் ஸ்டீவன் பிறீசன் மதிப்பிட்டுள்ளார். பவுலின் சபையினரும் பெரும்பாலும் இத்தகையோரே. இத்தகையோரிடம் ஒரே நாளிற் பெருந்தொகை கேட்பது பொருளற்றது; வாரந்தோறும் சிறிது சிறிதாகச் சேர்ப்பதே நடைமுறைக்கு ஒத்தது.

வீட்டிலேயே ஒதுக்கி வைத்தல் என்பதும் கவனிப்புக்குரியது. யார் எவ்வளவு வைத்தார் என்பதைப் பார்ப்பதற்கு அங்கே கூட்டம் இல்லை. செதுக்குவதற்குக் கல்லும் இல்லை. பவுல் தாம் வருமுன்னரே இது முடிந்திருக்க வேண்டும் என்றது, பேச்சாளன் ஒருவனின் நாவன்மைக்கு மயங்கி அள்ளிக் கொடுத்துவிட்டு மறுநாள் வருந்தும் கொடையை அவர் விரும்பவில்லை என்பதைக் காட்டுகின்றது. இரண்டாம் கடிதத்தில் அவர், ஒவ்வொருவனும் தன் உள்ளத்தில் முன்னரே தீர்மானித்தபடி, வருத்தமோ கட்டாயமோ இன்றிக் கொடுக்க வேண்டும் என்பதும் இதனையே. மகிழ்வோடு கொடுப்பவன் கடவுளின் அன்புக்குரியவன் என்று அங்கே அவர் கூறுவது நீதிமொழிகள் நூலின் கிரேக்க மொழிபெயர்ப்பைத் தழுவியது. எபிரேய மூலத்தில் அவ்வடி இல்லை. இம்மகிழ்ச்சி உணர்ச்சிப் பெருக்கன்று. ஆண்டு முழுவதும் ஐம்பது தடவைக்கு மேல் எண்ணிப்பார்த்து எடுத்து வைத்தவனிடம் தோன்றும் தெளிவு அது. பத்திலொரு பங்கு என்ற அளவை இக்கடிதங்களில் எங்குமே பவுல் கூறவில்லை என்பதையும் இங்கே குறிப்பிடல் வேண்டும். இல்லாததற்கேற்ப எவரும் கேட்கப்படுவதில்லை, உள்ளதற்கேற்பவே கொடை ஏற்றுக்கொள்ளப்படும் என்பதே அவர் தந்த அளவுகோல்.

ஏற்பாடு நன்றாயிருந்தும் சேகரிப்பு ஓராண்டளவு தேங்கிக் கிடந்தது. காரணம் ஐயம். கொரிந்தின் செல்வர் பவுலைப் பராமரிக்க முன்வந்தபோது அவர் மறுத்துத் தம் கைத்தொழிலால் வாழ்ந்தார். பிலிப்பி சபையாரின் உதவியை மட்டும் ஏற்றார். ஆதரவை மறுப்பது ஆதரிப்போனை அவமதிப்பதாகக் கருதப்பட்ட சமுதாயத்தில் இது புண்படுத்தியது. நேரே வாங்க மறுத்தவர், எருசலேமின் பெயரால், தீத்து போன்றோரை அனுப்பிச் சூழ்ச்சியாகப் பறிக்கின்றார் என்ற பேச்சு எழுந்தது. பவுலே அப்பேச்சை எடுத்துச் சொல்லி மறுக்கின்றார். நிதி விடயங்களில் ஈடுபட்டோர் எவருக்கும் இந்நிலை புதிதன்று. ஆனால் அவர் தம் நேர்மையை நம்பும்படி கேட்டதோடு நின்றுவிடவில்லை என்பதே குறிப்பிடத்தக்கது. சபைகள் வாக்களித்துத் தெரிவுசெய்த ஒருவரையும், பலமுறை சோதித்தறியப்பட்ட வேறொருவரையும் தீத்துவோடு அனுப்புகின்றார். இப்பெருந்தொகை குறித்து எவரும் குற்றங் கூறாதபடி, கடவுள் முன்னிலையில் மட்டுமன்றி மனிதர் முன்னிலையிலும் ஒழுங்கானதைச் செய்ய எண்ணுவதாகக் காரணமும் கூறுகின்றார். நல்ல மனம் உடையவனுக்குக் கணக்கு எதற்கு என்று இன்றும் சங்கங்களிலும் சபைகளிலும் கேட்போர் உண்டு. பவுலைப் பொறுத்தவரையில் கணக்குக் காட்டுதல் நல்ல மனத்தின் ஒரு பகுதியே.

மக்கெதோனியச் சபைகளின் எடுத்துக்காட்டு இவ்விடத்திலே வருகின்றது. கொடிய வறுமையிலிருந்தும் அவர்கள் தம் ஆற்றலுக்கு மேலாகக் கொடுத்தனர். பவுல் கேட்காமலே, பங்கெடுக்கும் உரிமையை அவர்களே வருந்தி வேண்டினர் என்கிறார். அவர்களது வள்ளன்மையைக் குறிக்கப் பவுல் ஆளும் சொல் 'ஹப்லோட்டேஸ்'. தமிழ் மொழிபெயர்ப்பில் இது உதாரத்துவம் என வருகின்றது. சொல்லின் அடிப்படைப் பொருளோ ஒருமடித்தன்மை. துணி மடிக்கப்படாது விரிந்து கிடப்பதுபோல, உள்மடிப்பு இல்லாத நிலை. கொடைக்குப் பின்னால் இரண்டாவது நோக்கம் ஒளிந்திருக்கவில்லை என்பதே கருத்து. ஈகையின் உள்ளத்தைப் பற்றிப் பவுலின் எழுத்துகளிலுள்ள மிகச் சிறந்த விளக்கம் இச்சொல்லே என்பது எமது துணிபு. அதற்கு எதிர்ப்பதமாக அவர் வேறோரிடத்தில் 'பிளியொனெக்சியா' எனும் சொல்லை வைக்கின்றார். தன் பங்குக்கு மேல் விரும்பும் பேராசையை அது குறிக்கும். கொடுப்பதிலுங்கூட இப்பேராசை இயங்க முடியும் என அவர் உணர்ந்திருந்தார். புகழையோ அதிகாரத்தையோ மேலதிகமாகப் பெறுவதற்காகக் கொடுப்பவனும் பேராசைக்காரனே.

இவ்வளவும் கூறியவர் தாமே மடிப்பின்றி எழுதினாரா என்று கேட்பது நியாயமே. இல்லை என்றே சொல்லவேண்டும். மக்கெதோனியரிடம் கொரிந்தியரைப் புகழ்ந்துவிட்டதாகவும், மக்கெதோனியர் உடன்வரும்பொழுது பணம் ஆயத்தமாக இல்லையெனின் தமக்கும் அவர்களுக்கும் வெட்கம் நேரும் எனவும் எழுதுகின்றார். நகரங்கள் ஒன்றோடொன்று போட்டியிட்ட கௌரவ மரபையே அவர் இங்கு கருவியாக்குகின்றார். கட்டாயமின்றிக் கொடுங்கள் என்பதற்குச் சில வரிகளுக்கு முன் இது வருகின்றது. தாம் உடைக்க முயன்ற பழக்கத்தின் உதவியின்றி அவரால் அதனை உடைக்கவும் முடியவில்லை.

கொடையின் நோக்கத்தை அவர் கூறுமிடம் இக்கடிதத்தின் உச்சமாகும். மற்றவர்க்கு ஓய்வும் உங்களுக்கு நெருக்கடியும் உண்டாவது நோக்கமன்று. 'இசொட்டேஸ்', அதாவது சமத்துவமே நோக்கம் என்கிறார். தமிழ் மொழிபெயர்ப்பாளர் சமநிலை என்றனர். மிகப் பொருத்தமான சொல். இன்று உங்கள் மிகுதி அவர்களது குறைவை நிரப்புக. நாளை அவர்களது மிகுதி உங்கள் குறைவை நிரப்பும் என்று விளக்கி, பாலைவனத்தில் மன்னா பொறுக்கிய கதையைச் சான்றாக்குகின்றார். மிகுதியாகப் பொறுக்கியவனுக்கும் குறைவாகப் பொறுக்கியவனுக்கும் அளந்துபார்க்கையில் ஒரே அளவு இருந்தது என்பது அக்கதை. சேமித்து வைக்கப்பட்ட மன்னா புழுத்துப்போயிற்று என்பதும் அதே கதையில் அடுத்து வருவது. கொரிந்தில் யூத மரபறிந்தோர் அதனையும் நினைத்திருப்பர். இசொட்டேஸ் கிரேக்க அரசியல் நூல்களில் குடியுரிமையோடு தொடர்புபட்ட சொல். பவுலின் காலத்தவரான யூத அறிஞர் பிலோ, அலெக்சாந்திரியாவிலே இதே சொல்லையும் மன்னாவையும் இணைத்து எழுதியுள்ளார். ஆனால் அவருக்கு அது ஆன்மாவுக்கான உணவு பற்றிய உருவகம். பவுல் அதனை நாணயங்களுக்குப் பயன்படுத்துகின்றார். பிளினியின் வாக்கியத்தை நினைவிற்கொள்வோர்க்கு இவ்வேறுபாட்டின் ஆழம் விளங்கும்.

சமநிலையே இலக்காகும்போது கொடையாளன், பெறுவோன் எனும் இரு நிரந்தர வகையினர் இருக்கவியலாது. உரோமருக்கு எழுதுகையில் பவுல் இன்னும் ஒருபடி மேலே செல்கின்றார். எருசலேமியரின் ஆன்மிகச் செல்வத்தில் பங்குபெற்ற யூதரல்லாதார், பொருட் செல்வத்தில் அவர்களுக்குக் கடன்பட்டவர்கள் என்கிறார். கொடுப்பவனே கடனாளி! செனக்காவின் நெறி இங்கே தலைகீழாகின்றது. பெறுபவன் தலைநிமிர்ந்து பெறுவதற்கு இது வழிசெய்தது. எனினும் இதில் ஓர் இடர்ப்பாடும் உண்டு. ஆன்மிகத்தையும் பொருளையும் எடைபோட்டு மாற்றும் இத் தருக்கம் பிற்காலத்தில் குருமாரின் வருவாய்க்கு நியாயமாகப் பயன்பட இடந்தந்தது.

பவுலின் சமநிலைக்கு எல்லைகள் இருந்தன. அது சபைகளுக்கிடையிலான சமநிலை. சபைக்கு வெளியே பசித்திருந்தோர் இந்த ஏற்பாட்டிற் சேரவில்லை. கொரிந்தின் மிகுதி எங்கிருந்து வந்தது, துறைமுகங்களில் யாருடைய உழைப்பு அதனை ஈட்டியது என்று அவர் கேட்கவில்லை. ஒரே பந்தியில் ஒருவன் பசித்திருக்க மற்றொருவன் வெறித்திருப்பதைக் கண்டித்தவர், அடிமை முறையைத் தொடவில்லை. லக்சம்பேர்க்கும் காட்ஸ்கியும் முன்வைத்த விமரிசனம் இங்கு வலுவோடு நிற்கின்றது. ஆனால் அவ்விமரிசனம் தருமத்தின்மீது சுமத்தும் குற்றம், அது சமத்துவத்தை இலக்காகக் கொள்வதில்லை என்பதாகும். அக்குற்றச்சாட்டு பிற்காலத்துக்குப் பொருந்துமளவுக்குப் பவுலுக்குப் பொருந்தவில்லை.

பிற்காலத்தைச் சுருக்கமாகவே தொட்டுச் செல்கின்றோம். ஏறத்தாழ 150இல் யுஸ்தீன் விவரிக்கும் ஞாயிறு வழிபாட்டில், சேர்ந்த பணம் சபைத் தலைவனிடம் ஒப்படைக்கப்படுகின்றது. 251 அளவில் உரோமைச் சபை ஆயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்ட கைம்பெண்களையும் வறியவரையும் பராமரித்தது. இது வியத்தகு சாதனையே. ஆயினும் அதே காலத்தில் கார்த்தேச்சு ஆயர் சிப்பிரியான் எழுதிய நூலில், திருமுழுக்குக்குப் பின் செய்த பாவங்களைக் கழுவும் மருந்தாகத் தருமம் விளக்கப்படுகின்றது. ஒருமடியாயிருந்த துணியில் மடிப்பு விழுந்துவிட்டது. கொடுப்பவன் இப்பொழுது தன் ஆன்மாவுக்காகக் கொடுக்கின்றான். வறியவன் அதற்கு வேண்டிய வாயிலாகின்றான். வறியவன் இல்லாது போவது கொடுப்பவனுக்கு இழப்பாகின்றது. 369இல் கப்பதோக்கியாவைப் பஞ்சம் வாட்டியபோது பசிலியார் களஞ்சியங்களைப் பூட்டி வைத்தோரை நோக்கி, மிகுதியாயிருப்பது பசித்தவனுக்கே உரியது என்று வாதாடியமை பவுலின் சமநிலைக்கு அண்மையில் வருகின்றது. ஆனால் அவர் காலத்துக்குள் ஆயர்கள் வறியவரின் பாதுகாவலர் என்ற பெயரால் நகரங்களில் புதிய அதிகாரமும் சலுகைகளும் பெற்றுவிட்டனர் என்பதைப் பீட்டர் பிறவுண் 2002இல் வெளிவந்த நூலில் நிறுவியுள்ளார்.

பவுலின் நிதிக்கு என்ன நேர்ந்தது? மக்கெதோனியாவும் அகாயாவும் மனமுவந்து கொடுத்துவிட்டன என்று உரோமருக்கு அறிவிக்கும் பவுல், அதே மூச்சில் ஓர் அச்சத்தையும் வெளியிடுகின்றார். எருசலேமியர் தம் கொடையை ஏற்றுக்கொள்ளும்படி தமக்காக மன்றாடும்படி கேட்கின்றார். கொடுப்பவன் தன் கொடை ஏற்கப்படுமோ என அஞ்சுவது கிரேக்க உரோமக் கொடை மரபில் காண்பதரிது. பெறுபவனுக்கு மறுக்கும் உரிமை உண்டு என்பதை ஏற்றவனுக்கே இவ்வச்சம் தோன்றும். விருத்தசேதனமற்றோரின் பணத்தை வாங்குவது அவர்களைச் சரிசமமானவராக ஏற்பதாகும். நாட்டுப்பற்று கொதித்துக்கொண்டிருந்த எருசலேமில் அது எளிதான செயலன்று.

பெரேயா, தெசலோனிக்கே, தெர்பை, ஆசியா ஆகிய இடங்களைச் சேர்ந்த துணைவரோடு பவுல் எருசலேம் வந்ததை அப்போஸ்தலர் நடபடிகள் விரிவாக எழுதுகின்றது. அப்பட்டியலில் கொரிந்தைச் சேர்ந்த எவருமில்லை. யாக்கோபு அவரை வரவேற்று, நோன்பிருந்த நால்வரின் செலவைக் கோயிலில் ஏற்கும்படி கூறுகின்றார், பவுல் இணங்குகின்றார், கோயிலிலேயே கலகம் மூண்டு கைதாகின்றார். நிதி கையளிக்கப்பட்டதா, ஏற்கப்பட்டதா என்பதைப் பற்றி அந்நூல் ஒரு சொல்லும் சொல்லவில்லை. பின்னர் ஆளுநன் பேலிக்ஸ் முன் வழக்குரைக்கையில் மட்டும், தம் இனத்தாருக்கு உதவிப்பொருள் கொண்டுவந்ததாகப் பவுல் ஒருமுறை குறிப்பிடுகின்றார். பேலிக்ஸ் அதன்பின் அவரை அடிக்கடி அழைத்துப் பேசினான். அவரிடமிருந்து பணம் கிடைக்கும் என அவன் எதிர்பார்த்திருந்தான் என்று அந்நூல் கூறுகின்றது. பணம் வரவில்லை. ஈராண்டு கழித்து அவன் பதவி நீங்கியபோதும் பவுல் செசரியாவில் சிறையிலேயே இருந்தார்.